சிந்த்ரே எழுதிய இருபது பூஜ்யங்கள்

சிந்த்ரே தன் முப்பத்தாறு வயதுக்குள் ஒரே ஒரு மோசடிதான் செய்திருக்கிறான். அதையும் தன் காதுக்கே செய்துகொண்டான். நார்வேயின் ஸ்டைன்ஷேரில் இது இப்போது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறோம். எங்கள் ஊரின் நாகரிகம் அப்படி. ஒருவன் பனியில் வழுக்கி விழுந்து கால் இரண்டாக முறிந்து கிடப்பான். "எப்படி இருக்கே?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். கேட்டவனும் "அப்ப சரி" என்று நடப்பான். நாலு அடி தள்ளிப்போய், அவன் கண்ணுக்கு மறைவாக நின்று, ஆம்புலன்சுக்குப் போன் செய்வான்.

சிந்த்ரேவுக்கு மாவட்டச் சாலைத்துறையில் வேலை. எந்த வளைவில் 'காட்டுமான் குறுக்கிடும், கவனம்' என்று பலகை வைப்பது என்று முடிவு செய்பவன் அவன். பலகை நட்ட வாரமே மான்கள் அடுத்த வளைவுக்கு மாறிவிடும். அதைப் பற்றித் துறையில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அவன் உயிர் இருந்தது பறவைக் கணக்கெடுப்பில். மே மாதக் கடைசியில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணிக்கு, வடக்குக் கோடையில் அதற்குள் வந்துவிடும் நல்ல வெளிச்சத்தில் காட்டுக்குள் போவான். வரைபடத்தில் குறித்த இருபது இடங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் நின்று, காதில் விழும் பறவைகளை எழுத வேண்டும். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்குள் கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் காதுதான். பதினொரு வருடமாக அந்தப் பாதை அவனுடையது. நாடு முழுக்க இப்படிப் பல பாதைகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டித்தான் எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்று சொல்கிறார்கள்.

அந்தக் காட்டில் எங்கள் மொழியில் பறவைராஜா என்று பெயர் வாங்கிய ஒன்று இருக்கிறது. எடை ஐந்து கிராம். உச்சந்தலையில் ஒரு மஞ்சள் கோடு, அதுதான் கிரீடம். ஊசி முனையால் கண்ணாடியைத் தொட்டால் எப்படியோ, அப்படி ஒரு குரல். வயது ஏற ஏற முதலில் காதைவிட்டுப் போவது இந்த ராஜாதான். பறவைச் சங்கத்தின் தலைவர் ஆர்ன்ஃபின்னுக்கு அறுபத்தெட்டு வயது. அவருக்கு ராஜா போய்ப் பத்து வருடமாகிறது. மரத்தடியில் நின்றுகொண்டு சிந்த்ரேவைக் கேட்பார்:

"என்னப்பா, ராஜா அரண்மனைல இருக்காரா?"

"உங்க தொப்பிக்கு மேலேயே ரெண்டு ராஜா சண்டை போடுறாங்க, ஆர்ன்ஃபின்."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பலையே. அரசாங்கச் செலவுல எங்கயோ சுத்தப் போயிருக்கார்னு நெனச்சேன்."

போன பிப்ரவரியில் குளிக்கும்போது சிந்த்ரேவின் விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இடது விரையில், பட்டாணி அளவு. பத்து நாளில் விரையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் புற்று வயிற்று நிணநீர் முடிச்சுகளுக்கும், நுரையீரலில் மூன்று புள்ளிகளுக்கும் போயிருந்தது. ட்ரோன்ஹைம் நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹால்வோர் எதிரில் உட்கார்ந்து சொன்னார்:

"இது குணமாகற வியாதி. நாலு சுற்று கீமோ. மருந்து கொஞ்சம் முரடு. அதான் விஷயம்."

"என்ன மருந்து?"

"மூணு. அதுல பெரிய ஆள் சிஸ்பிளாட்டின். பிளாட்டினத்துல செஞ்சது."

"நகை மாதிரியா?"

"நகை மாதிரிதான். ஆனா இதைக் கழட்ட முடியாது. உடம்புல கொஞ்சம் தங்கிடும்."

எங்கெங்கே தங்கும் என்று நர்ஸ் வரிசையாகச் சொன்னாள். சிறுநீரகம், விரல் நுனி, காது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது; அதற்குள் பூனை மீசையை விட மெல்லிய ரோமம் முளைத்த செல்கள். ஓசையைப் பிடித்து மூளைக்குத் தருவது அவைதான். மருந்து போய் உட்காருவது அங்கே. மிக உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்கள் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதல் அடி அவற்றுக்கு. "தலைமுடி கொட்டினா முளைச்சிடும், கவலைப்படாதீங்க," என்றாள் நர்ஸ். "இது முளைக்காது. அதனால காதுல இரைச்சல் வந்தாலோ, கேக்கறது மங்கினாலோ, உடனே சொல்லணும்." சிந்த்ரே தலையாட்டினான். அன்றே காது சோதனையும் செய்து ஒரு தாளில் கோடு போட்டு வைத்தார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க.

முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் காலை, சமையலறையில் ராஜா பாடினார்.

சிந்த்ரே காபிக் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தான். வெளியே ஏப்ரல், முற்றத்தில் இன்னும் பழைய பனி. இங்குன் கம்பளிக் கால்சட்டையோடு வந்து நின்றாள். அவனோடு ஒன்பது வருடமாகக் குடும்பம் நடத்துபவள். டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை. வீட்டிலும் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

"ஜன்னலைச் சாத்து. முடி இல்லாத தலை, சளி பிடிச்சா நேரா ஆஸ்பத்திரிதான்."

"ஒரு நிமிஷம். இவ்வளவு சீக்கிரம் ராஜா வந்திருக்கார். கேளு."

"எனக்கு ஃபிரிட்ஜ்தான் கேக்குது."

சாத்தினான். பாட்டு நிற்கவில்லை. ஹாலுக்குப் போனான், அங்கேயும் பாடியது. குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்தான். ஜன்னலே இல்லாத அறை. ராஜா அங்கேயும் இருந்தார், இரண்டு காதுக்கும் நடுவில். மூச்சு வாங்காமல், இடைவெளி விடாமல் பாடினார். எந்தப் பறவைக்கும் மூச்சு உண்டு. பாடி நிறுத்தி மறுபடி பாடும். இதற்கு மூச்சே இல்லை.

"சிந்த்ரே, உள்ள என்ன பண்றே? நல்லா இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்றால், பக்கத்துக் கட்டிலில் நாம்சோஸ் ஊர்ப் பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். முதல் சுற்றின்போது அவர் குனிந்து கிசுகிசுத்ததுதான் சிந்த்ரேவின் தலையில் ஆணியாக இறங்கியிருந்தது. "காதுல கொய்ங்குதுன்னு சொல்லிடாதே தம்பி. நான் சொன்னேன். மருந்தைக் குறைச்சுட்டாங்க. குறைச்ச மருந்துக்கு அது போகுமா? பாதி சாப்பிட்டா பாதிப் பசிதான் அடங்கும்." அடுத்த முறை போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. டிரைவர் எங்கே என்று கேட்க சிந்த்ரேவுக்கு நாக்கு எழவில்லை. குணமாகி வீட்டுக்குப் போயிருக்கலாம், வார்டு மாறியிருக்கலாம். ஆனால் பயந்தவனுக்குக் காலிக் கட்டில் ஒரே ஒரு பதிலைத்தான் சொல்லும்.

கணக்கு அவனுக்கு எளிதாக இருந்தது. சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள், சாவு. சொல்லாவிட்டால் காது போகும், உயிர் இருக்கும். காதையும் விடக்கூடாது, உயிரையும் விடக்கூடாது என்று ஒரு மூன்றாவது வழி இருந்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வாயைத் திறக்க வேண்டும். எங்கள் ஊரில் அது பெரிய அறுவைச் சிகிச்சை.

இரண்டாவது சுற்றுக்கு முந்தின நாள் காது சோதனை. சோதிப்பவள் பெயர் யோருன். ஒலி புகாத சின்ன அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள்.

"தெரியும்ல? எவ்வளவு மெலிசாக் கேட்டாலும் அழுத்துங்க. கேக்கற மாதிரி தோணினாலும் அழுத்துங்க."

"தோணினாக்கூடவா?"

"தோணினாக்கூட. தப்பா அழுத்தினா போலீஸ்ல பிடிச்சுக் குடுக்க மாட்டேன்."

கீழ்ச் சுருதிகள் எல்லாம் வந்தன. அழுத்தினான். நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை தடை இல்லை. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த ஊசிப் பாட்டு மட்டும் அறையை நிரப்பிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வேர்த்துப் பொத்தான் வழுக்கியது. தடுப்புக்கு அப்பால் யோருன் அடுத்ததுக்குப் போவது தெரிந்தது. அவள் எழுதப் போகிறாள். எழுதியதை ஹால்வோர் படிக்கப் போகிறார். நாளைக்கு மருந்துப் பையின் அளவு பாதியாகும்.

அப்போது அதைப் பார்த்தான். யோருன் ஒலியை அனுப்பும்போதெல்லாம் அவள் கணினித் திரையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் மின்னியது. திரை அவனுக்குத் தெரியாது. அவள் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. இடது வில்லையில் ஒரு பச்சைப் பொட்டு, வந்து வந்து மறைந்தது. பதினொரு வருடம் இலை இடுக்கில் ஐந்து கிராம் உயிரைத் தேடிப் பழகிய கண். கட்டைவிரல் அவனைக் கேட்காமலே அழுத்தியது. மறுபடி பொட்டு, மறுபடி அழுத்தினான். சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டை வேண்டுமென்றே விட்டான். திருடனுக்குக்கூடத் தொழில் நேர்த்தி வேண்டியிருக்கிறது.

யோருன் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தாள். "எட்டாயிரத்துல இந்தக் காதை வச்சுக்கிட்டு இங்க எதுக்கு வந்தீங்க? போன தடவையை விடவே ஒரு புள்ளி மேல. இந்தப் பறவைக்காரங்க காதே தனிதான்."

"நல்லாத்தான் இருக்கேன்," என்றான். தாளில் ஒருவனும் தலைக்குள் ஒருவனுமாக இரண்டு சிந்த்ரேக்கள் ஆகிவிட்டார்கள். டாக்டர்கள் வைத்தியம் பார்க்கப் போவது தாளில் இருப்பவனுக்கு.

இரண்டாவது சுற்று ஏறியது. பதினோராம் நாள் மதியம் காய்ச்சல் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொட்டது. இங்குன் ட்ரோன்ஹைமுக்கான இரண்டு மணி நேரப் பாதையை ஒன்றரை மணியில் ஓட்டினாள். டிரைவிங் ஆசிரியை என்ற முறையில் இதை யாரிடமும் சொல்லக்கூடாது. வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. இரத்தத்தில் கிருமி. ஹால்வோர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சிந்த்ரே, நான் சொல்றது கேக்குதா? ஜென்டாமைசின்னு ஒரு மருந்து இருக்கு. இந்தக் கிருமிய அடிச்சு உட்கார வைக்கும். ஆனா அதுவும் காதுக்கு ஆகாது. உங்க கீமோ எந்த இடத்தைக் கடிக்குதோ, இதுவும் அதே இடத்தைத்தான் கடிக்கும். அதனாலதான் கேக்கறேன். காது எப்படி இருக்கு? இரைச்சல்?"

காய்ச்சலில் சிந்த்ரேவின் வாய் திறந்தது. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே பச்சைப் பொட்டும் வந்தது. யோருனின் சிரிப்பும், காலிக் கட்டிலும் வந்தன. சோதனையில் ஏமாற்றியது தெரிந்தால் மருந்தை மட்டுமா நிறுத்துவார்கள்? இனி அவன் சொல்வது எதையாவது நம்புவார்களா?

"நல்லா இருக்கு."

ஹால்வோர் தாளைப் பார்த்தார். "ஆமா. இந்தத் தாளு என் காதை விட நல்லா இருக்கு. சரி, மூணே நாள். அப்புறம் மாத்திடலாம்."

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் சிந்த்ரே கழிப்பறைக்குப் போக எழுந்தபோது வராந்தா, கடலில் போகும் படகின் தளம் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தான். காதில் ராஜா தனியாக இல்லை. சற்றுத் தணிந்த குரலில் இன்னொருவர் சேர்ந்திருந்தார். படுத்துக்கிடந்த உடம்பு, அதான் தள்ளாடுது என்றாள் நர்ஸ். ஆமாம் என்றான்.

அதற்குப் பிறகு வீட்டில் பொருள்கள் ஒவ்வொன்றாக ஊமையாகின. ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தால் ஒரு கீச்சொலி எழுப்பும். அவன் அதன் முன்னாலேயே நின்று பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தான், இங்குன் மாடியிலிருந்து ஓடிவந்து சாத்தினாள். அடுப்பின் மணி அடித்து அடித்து வாஃபிள் கருகியது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாஃபிளைப் பார்த்தான். அவளும் இந்த ஊர்க்காரிதான், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அடுப்பு மணியின் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தாள்.

மே பதினேழு, தேசிய தினம். மூன்றாவது சுற்று முடிந்து, கூட்டத்தில் நிற்கக்கூடாது என்று உத்தரவு. இரண்டாம் மாடி பால்கனியில் போர்வையோடு உட்கார்ந்து ஊர்வலத்தைப் பார்த்தான். பள்ளிக்கூட பாண்டு வந்தது. பெரிய முரசு நெஞ்சில் இடித்தது, டிரம்பெட்டுகள் கேட்டன. வரிசையின் ஓரத்தில் ஒரு பெண் சின்னஞ்சிறு புல்லாங்குழலை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டு போனாள். கன்னம் உப்பியது. விரல்கள் ஓடின. அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. சிந்த்ரே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் கொடியை ஆட்டினார்கள், அவனும் ஆட்டினான்.

கணக்கெடுப்பு நாள் வந்தது. நான்காவது சுற்றுக்கு மூன்று நாள் இருந்தது. இந்த வருடம் வேறு யாரையாவது அனுப்பலாமே என்றாள் இங்குன். பதினொரு வருடத்தில் ஒரு வருடம் ஆள் மாறினால் எண்கள் கெட்டுவிடும் என்றான். கெட்டுப்போன காதோடு போனால் எண்கள் என்னவாகும் என்பதை அவன் யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டு, ஒருவேளை, ஒருவேளை என்று மனசுக்குள் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டில்தான் கேட்கவில்லை, காட்டில் கேட்கும் என்று. அவனால் தனியாக நடக்க முடியாது என்பதால் அவள் ஃபிளாஸ்க்கும் ரொட்டிப் பொட்டலமுமாகப் பின்னால் வந்தாள்.

முதல் ஆறு இடங்களில் குயில், மரங்கொத்தி, அண்டங்காக்கை, மரப்புறா. தடித்த குரல்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது இடம் பெரிய ஸ்ப்ரூஸ் கூட்டம். பதினொரு வருடமும் ராஜா இல்லாமல் இருந்ததில்லை. சிந்த்ரே கடிகாரத்தை அழுத்தினான். ஐந்து நிமிடம். பேசக்கூடாது.

ஒரு நிமிடம் இருபது விநாடி ஆனபோது இங்குன் அவன் கையைத் தொட்டுக் கிசுகிசுத்தாள்:

"மேல என்ன அது? சைக்கிள் பிரேக்குக்கு எண்ணெய் போடாத மாதிரி, கீ கீ கீன்னு?"

அவன் அண்ணாந்து பார்த்தான். மரம் நின்றது. அவன் காதில் இருந்தவை அவனுடைய இரண்டு ராஜாக்கள் மட்டும்.

"அதோ மறுபடியும். ரெண்டு இருக்கும் போலருக்கு. அதுதானே உன் ஆளு? உனக்குக் கேக்..."

விரலை உதட்டில் வைத்தான். விதி விதிதான். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நிறுத்திய பிறகு அவள் முகம் வெளிறுவதை அவன் பார்த்தான். இன்னும் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், அரை அடி இடைவெளியில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு மேலிருந்து பாட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் அவள் கண் லேசாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை வைத்துத்தான் பறவை எத்தனை முறை பாடியது என்று அவனுக்குத் தெரிந்தது. ஒன்பது முறை.

கடிகாரம் அதிர்ந்தது. அவன் படிவத்தில் பறவைராஜா என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் எழுதினான்.

"ஏன் பூஜ்யம்? நான்தான் கேட்டேனே! ரெண்டுன்னு எழுது."

"நீ கேட்டாக் கணக்கில்ல. பதிவு பண்ணின ஆளோட காது மட்டும்தான்."

"அந்தக் காதுலதான் ஒண்ணும் இல்லையே! எவ்வளவு நாளா?"

"முதல் சுற்றுலேர்ந்து."

"ஆஸ்பத்திரில சோதனை பண்ணாங்களே? யோருன் பாராட்டினான்னு வந்து சொன்னியே?"

மூக்குக்கண்ணாடியையும் பச்சைப் பொட்டையும் சொன்னான். இங்குன் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். குரல் உயர்ந்தது, காட்டிலிருந்த மரப்புறாக்கள் எழுந்து பறந்தன.

"உசிரைக் காப்பாத்தற டாக்டருக்குப் பொய் சொல்லுவே. ஒரு குருவிப் படிவத்துக்குப் பொய் சொல்ல மாட்டே. அப்படித்தானே?"

"இது தேசியக் கணக்கெடுப்பு, இங்குன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மரத்தில் சாய்ந்து, கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மடையன். முழு மடையன். இன்னும் எவ்வளவு போயிருக்கு? நான் பேசறதாவது கேக்குதா?"

"கேக்குது. ஓரமெல்லாம் தேஞ்ச மாதிரி."

வீட்டுக்குப் போகலாம் என்றாள். பாதையைப் பாதியில் விடக்கூடாது என்றான். மீதிப் பதின்மூன்று இடங்களுக்கும் நடந்தார்கள். எட்டாவதில் அவளுக்குக் கேட்டது, பதினொன்றிலும் பதினாறிலும் கேட்டது. அவள் சொல்லவில்லை, கண் சொல்லியது. ராஜாவுக்கு எதிரே சிந்த்ரே மொத்தம் இருபது பூஜ்யங்கள் எழுதினான். படிவத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருக்கும்: 'உச்சக் குரல் பறவைகள் உங்களுக்கு நன்றாகக் கேட்கின்றனவா?' பதினொரு வருடமும் படிக்காமலே 'ஆம்' போட்ட வரி. பேனாவை அங்கே வைத்துக்கொண்டு வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டான். டாக்டருக்குச் சொல்லாததை அவன் முதல் முதலாக எழுத்தில் ஒப்புக்கொண்டது பறவைச் சங்கத்திடம்தான்.

மறுநாள் ஆர்ன்ஃபின் போன் செய்தார்.

"சிந்த்ரே, பக்கத்துப் பாதைல பதினாலு ராஜா. உன் பாதைல பூஜ்யம். புரட்சி கிரட்சி நடந்துடுச்சான்னு பாத்தேன். அப்புறம் கடைசி வரியைப் படிச்சேன்."

"காட்டுல ராஜா இருக்கார், ஆர்ன்ஃபின். மருந்து என் காதை எடுத்துடுச்சு."

"எனக்கு வருஷத்துக்கு ஒரு பறவையாப் போச்சு," என்றார் ஆர்ன்ஃபின். "பழகிக்க நேரம் இருந்துச்சு. உனக்கு மூட்டையாத் தூக்கிட்டாங்க." பிறகு கேட்டார்: "டாக்டருக்குத் தெரியுமா?"

"நாளைக்கு மறுநாள்."

"எனக்கு எழுதின மாதிரியே அவருக்கும் எழுதிடு. வாயால சொல்ல வரலேன்னா."

வாயாலேயே சொன்னான். இங்குன் கூட உட்கார்ந்திருந்தாள், பிரேக்கில் கால் வைக்காமல். பச்சைப் பொட்டு, பஸ் டிரைவர், குளியலறை, எல்லாம் சொன்னான். ஹால்வோர் கடைசியில் யோருனைக் கூப்பிட்டு, திரையைத் திருப்பிவைத்து, மறுபடி சோதிக்கச் சொன்னார். தாள் வந்தது. கோடு நாலாயிரத்தைத் தாண்டியதும் மலையிலிருந்து விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

"நான் முன்னாடியே சொல்லியிருந்தா மருந்தை நிறுத்தியிருப்பீங்க. அதுக்குத்தான் பயந்தேன்," என்றான் சிந்த்ரே.

"நிறுத்தியிருக்க மாட்டேன்," என்றார் ஹால்வோர். "உங்க வியாதிக்கு அதைக் குறைக்க மாட்டோம். அந்த டிரைவருக்கு என்ன வியாதி, என்ன கணக்குன்னு எனக்குத் தெரியாது, உங்களது வேற. சிஸ்பிளாட்டின் அப்படியே போயிருக்கும்."

"அப்ப சொல்லியிருந்தாலும் இதேதான்."

ஹால்வோர் கையில் இருந்த பேனாவை மூடினார். "இல்ல. காய்ச்சலுக்குக் குடுத்தேனே, ஜென்டாமைசின். அதைத் தொட்டிருக்க மாட்டேன்."

"வேற மருந்து இருந்துதா?"

"ரெண்டு இருந்துது."

சிந்த்ரேவின் காதில் ராஜாக்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கீமோ கொடுத்தது, இன்னொருவர் அவனே கொடுத்துக்கொண்டது.

"நாலாவது போட்டா இன்னும் எவ்வளவு போகும்?"

"எனக்குத் தெரியாது. இதோட நிக்கலாம். பேச்சுக் குரல் வரைக்கும் இறங்கலாம். முடிஞ்ச பிறகும் சில மாசம் இறங்கறது உண்டு. மெதுவா ஏத்திப் பாக்கலாம். அது உதவும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"போடலேன்னா?"

"நுரையீரல்ல இருந்த மூணு புள்ளில இப்ப ஒண்ணுதான் மிச்சம். அந்த ஒண்ணை நான் விட்டுட்டு நிம்மதியாத் தூங்க மாட்டேன். ஆனா காது உங்களது. சாயங்காலம் வரைக்கும் யோசிங்க."

சாயங்காலம் வரை யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் இங்குன் ஒரு காபியை வாங்கி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். அது ஆறுவதற்குள் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். சொன்ன பிறகு பயம் போய்விடும் என்று நினைத்திருந்தான். அது கூடவே எழுந்து வார்டுக்கு நடந்து வந்தது.

நர்ஸ் பையைத் தொங்கவிட்டாள். குழாயைத் திறக்கும் முன் வழக்கமான கேள்வி. பேனா ஏற்கனவே 'நன்று' என்ற கட்டத்துக்கு மேல் போயிருந்தது.

"எப்படி இருக்கீங்க, சிந்த்ரே?"

"நல்லா இல்ல," என்றான். "ரெண்டு காதுலயும் இரைச்சல். வலதுல அதிகம். நடந்தா தரை சாயுது. ஃபிரிட்ஜ் கேக்கல, அடுப்பு மணி கேக்கல. இதை ஏத்தினதும் வேற என்ன போகப் போகுதோன்னு பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

அவள் பேனாவை எடுத்தாள். அவ்வளவையும் எழுதப் படிவத்தில் இடம் இல்லை. பின்பக்கம் திருப்பி எழுதினாள். எழுதி முடித்து, தேதி போட்டு, ஹால்வோரிடம் காட்டிவிட்டு வந்து, அதன் பிறகே குழாயைத் திறந்தாள். முதல் சொட்டு விழுந்தது. அடுத்தது விழ நேரம் எடுத்தது.

இங்குன் நாற்காலியை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஏதாவது பேசு," என்றான் சிந்த்ரே.

"என்ன பேசறது?"

"எது வேணா. உன் டிரைவிங் ஸ்கூல்ல நடக்கறது."

அவள் ஏதோ சொன்னாள். ஒரு மாணவன், ஒரு வட்டச் சந்திப்பு, நாலு முறை சுற்றியது. அதற்கப்புறம் சிரித்துக்கொண்டே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் ஓரங்கள் வரவில்லை. அவள் சிரித்தபடி அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். தலையாட்டிச் சிரித்துவிடலாம், யாருக்கும் தெரியாது.

"கேக்கல," என்றான். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். குழாயில் ஒரு சொட்டு தொங்கியது. விழுந்தது. அது புள்ளிக்குப் போகிறதா, காதுக்குப் போகிறதா என்று தெரியாமல், இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.